திண்டுக்கல்லில் பவளத்தொட்டிக்கு ஹீட்டர் எதுக்கு?

பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி பற்றி வெளிநாட்டுக்காரங்க எழுதினதைப் படிச்சா, எடுத்ததுமே ஹீட்டர் வந்துடும். ஒண்ணு கெட்டா இன்னொண்ணு காப்பாத்தும், ரெண்டா போடுங்கன்னு யோசனை வேற. நம்ம மாவட்டத்துல அது கொடைக்கானலுக்குத்தான் பொருந்தும். மலைக்குக் கீழே சித்திரை வெயில்ல ஹீட்டரா?

ஹாலில் 1000 லிட்டர் தொட்டி வைக்கணும்னு எங்க சித்தப்பாவுக்கு ஆசை. "நீ பிசிக்ஸ்தானே படிக்கிற, கணக்குப் போட்டுச் சொல்லுடா"ன்னார். போட்டேன். தண்ணி 25, 26 டிகிரியில நிக்கணும். விளக்கு, மோட்டார் எல்லாம் சேர்ந்து 400 வாட் சூட்டை உள்ளே இறக்குதுன்னு வைங்க. அந்தச் சூடு வெளியேற வழியில்லேன்னா மூணு மணி நேரத்துல ஒரு டிகிரி ஏறிடும். அறையே 35 டிகிரியில இருந்தா வெளியேற வழி ஏது?

சில்லர் வாங்கலாம். ஆனா அது தொட்டிச் சூட்டைப் பிடுங்கி அதே ஹாலுக்குள்ள துப்பும், சித்தி ஃபேனைக் கூட்டுவாங்க :-) கரண்ட் போனா அதுவும் நின்னுடும்.

இன்னொரு வழி, நம்ம மண்பானை வழி. தண்ணி மேல ஃபேன் காத்து பட்டா ஆவியாகும், ஆவியாகும்போது சூட்டை எடுத்துட்டுப் போகும். ஒரு லிட்டர் ஆவியானா 1000 லிட்டர்ல அரை டிகிரிக்குக் கொஞ்சம் மேல குறையும். தூத்துக்குடியை விட நம்ம ஊர்க் காத்து வறட்சி, அதனால இங்கே நல்லாவே வேலை செய்யும். ஒண்ணு கவனிக்கணும்: போறது வெறும் தண்ணி, உப்பு தொட்டியிலேயே தங்கிடும். அதனால குறைஞ்ச அளவுக்கு நல்ல தண்ணிதான் ஊத்தணும், உப்புத்தண்ணி ஊத்தக்கூடாது.

இவ்வளவு பாடு எதுக்குன்னா, பவளத்தோட உடம்புக்குள்ள ஒரு நுண்பாசி குடியிருக்கு. சாப்பாடு பெரும்பாலும் அது சமைச்சுப் போடறதுதான். சூடு கூடினா பவளம் அந்தப் பாசியையே வெளியே தள்ளி வெளுத்துப்போகும். வெளுத்த உடனே சாகாது, சூடு சீக்கிரம் இறங்கினா பிழைக்கும். மன்னார் வளைகுடாவில 2010-லயும் 2016-லயும் கோடையில இதுதான் நடந்தது. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிலையத்துக்காரங்க முங்கிப் பார்த்துக் கணக்கெடுத்தாங்க. 2016-ல நிறைய பவளம் திரும்பவே இல்லை. அங்கே ஃபேன் வைக்க முடியாதே.

இதையும் சித்தப்பாகிட்ட சொன்னேன். பவளம் 2001-லிருந்தே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் பட்டியல்ல, புலிக்குப் பக்கத்துல இருக்கு, நம்ம கடல்ல ஒரு துண்டு எடுத்தாலும் குற்றம்னும் சொன்னேன்.

"அப்போ மீனு மட்டும்?"னார்.

அதுக்கும் தண்ணி சூடாகக்கூடாது சித்தப்பா!