பால்புட்டியும் பாலாடையும்

சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் பால்புட்டி வாங்க வரும் பெற்றோர் ரப்பர் காம்பின் துளையையும் குப்பியின் நிறத்தையும் நெடுநேரம் ஒப்பிடுகின்றனர். ஆனால் 1939இல் இதே நகரின் ரோட்டரி சங்கத்தில் ‘பாலும் கொலையும்’ என்னும் தலைப்பில் உரையாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், புட்டியை விட அதற்குள் ஊற்றப்பட்டதையே கடுமையாகச் சாடினார்.

கட்டிப்பால், அதாவது நீரை வற்றவைத்துச் சர்க்கரை சேர்த்து டின்னில் அடைத்த பால், தாய்ப்பாலுக்கு ஈடானதென்று விற்கப்பட்டதையும், அதை நம்பிய வீடுகளில் குழந்தைகள் மடிந்ததையும் அவர் கொலை என்றே அழைத்தார்.

புட்டி, காம்பு ஆகியவற்றின் விளம்பரத்தையும் சேர்த்துக் கட்டுப்படுத்தும் உலகச் சுகாதார நிறுவன நெறிமுறை 1981இல்தான் வந்தது; இந்தியா 1992இல் தனிச்சட்டமே இயற்றியது.



புட்டிக்கு மாற்றான பாலாடை என்பது மூக்கு நீண்ட சிறு கிண்ணம். மூடியோ காம்போ இல்லாததால் அழுக்கு ஒளிய இடமில்லை, கழுவுவதும் எளிது என்பதால், பால் உறிஞ்ச இயலாத பச்சிளங்குழந்தைகளுக்கு இந்திய மருத்துவமனைகளில் அது இன்றும் பயன்படுகிறது.

உங்கள் வீட்டுப் பாலாடை இப்போது எந்தப் பரணில் கிடக்கிறது?