இருமொழிக் குழந்தையும் நம் தோட்டப்பள்ளியும்



முதலாம் ஆண்டுப் பதிவுக்காலம் வந்துவிட்டால் தோட்டப்பள்ளித் தலைமையாசிரியர் எவரும் தவறாது எதிர்கொள்ளும் வினா ஒன்றுண்டு. “ஐயா, பிள்ளை நாளைக்கு மலாயிலும் ஆங்கிலத்திலும்தானே படிக்க வேண்டும்? இப்பொழுதே அம்மொழிப் பள்ளியில் விட்டுவிட்டால் சுலபமாகப் பழகிக்கொள்ளுமே?” என்பதே அவ்வினா. கேட்பவர் பிள்ளையின்மீது அன்பற்றவர் அல்லர். பால்வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் களைத்த கைகளை உடையவர். தம் பிள்ளை அந்நிலை கடந்து உயர வேண்டும் என்று விழைபவர். ஆகவே, அவருக்கு மழுப்பாது விடை கூறுவது நம் கடமையாகும்.

குழந்தையைத் தொடக்கம் முதலே வேறொரு மொழியில் கற்க வைக்கும் முறையை மொழித்தோய்வு எனலாம். சாயத்தில் துணியைத் தோய்ப்பது போன்றது அது. இதற்குப் புகழ்பெற்ற சான்று கனடா நாட்டில் உண்டு. 1965ஆம் ஆண்டில், குவிபெக் மாநிலத்துச் செயின்ட் லாம்பெர்ட் என்னும் ஊரில், ஆங்கிலம் பேசும் பெற்றோர் சிலர் விடாது முயன்று தம் பிள்ளைகளுக்குப் பாலர் வகுப்பு முதலே பிரெஞ்சு மொழியில் கற்பிக்கச் செய்தனர். வாலஸ் லாம்பெர்ட், ரிச்சர்ட் டக்கர் என்னும் ஆய்வாளர் இருவர் அப்பிள்ளைகளைத் தொடர்ந்து ஆராய்ந்து 1972இல் நூலாக வெளியிட்டனர். பிள்ளைகள் பிரெஞ்சு மொழியை நன்கு கற்றனர். அவர்தம் ஆங்கிலமும் குன்றவில்லை.

இவ்வளவில் நிறுத்தினால், நம் பிள்ளைகளுக்கும் அதுவே ஏற்றது என்று தோன்றும். ஆனால் அப்பிள்ளைகளின் ஆங்கிலம் வீட்டில் இருந்தது, கடைத்தெருவில் இருந்தது, வானொலியில் இருந்தது, தந்தையின் அலுவலகத்திலும் இருந்தது. பள்ளி அதனைச் சற்றுத் தாமதமாகக் கற்பித்தாலும் அது தேய்வதற்கு வழியில்லை. ஒரு மொழியோடு இன்னொரு மொழி சேர்வது வேறு, ஒன்றை அகற்றிவிட்டு அவ்விடத்தில் இன்னொன்று அமர்வது வேறு என்று லாம்பெர்ட் அவர்களே பின்னர்ப் பிரித்துக் காட்டினார்.

நம் தோட்டத்துப் பிள்ளையின் நிலை யாது? நெகிரி செம்பிலானில் பால்மரக் காடுகள் பலவும் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறின. லயங்கள் வெறிச்சோடின, குடும்பங்கள் சிரம்பானுக்கும் நீலாய்க்கும் பெயர்ந்தன. கடையில் மலாய், மருந்தகத்தில் மலாய், பேருந்தில் மலாய். கைப்பேசியைத் திறந்தால் ஆங்கிலம். ஐந்து வயதுப் பிள்ளையொன்று கடைக்காரரிடம் இம்மாநில வழக்கிலேயே ‘ஆப்போ’, ‘மானோ’ என்று பேசக் கேட்டு நாம் வியந்ததுண்டு. ஏட்டு மலாயில் அவை ‘ஆப்பா’, ‘மானா’ என்பதை அப்பிள்ளை பிறகு எம் வகுப்பில்தான் கற்றது! மலாயில் தோய்வதற்கு நம் பிள்ளைகளுக்கு இடம் ஆயிரம் உண்டு. தமிழில் தோய்வதற்கோ வீடும் இப்பள்ளியுமே உள்ளன.

தாய்மொழி வலுப்பெற்றால் பிறமொழி பின்தங்கும் என்பாரும் உளர். வகுப்பறையில் நாம் காண்பது வேறு. ‘நாம் போவோம்’ என்றால் கேட்பவரும் உடன் வருகிறார். ‘நாங்கள் போகிறோம்’ என்றால் அவர் வரவில்லை. மலாயிலும் இவ்வேறுபாடு உண்டு: ‘கீத்தா’ என்பது நாம், ‘காமி’ என்பது நாங்கள். ஆங்கிலத்திலோ இரண்டிற்கும் ஒரே சொல்தான். தமிழை நன்கறிந்த பிள்ளைக்கு இதனை விளக்க ஒரு பாடவேளைகூட வேண்டியதில்லை. சொன்ன மாத்திரத்தில் முகம் மலரும். நம் கடை அவர்களிடம் ‘கெடாய்’ ஆயிற்று. நம் கப்பல் ‘காப்பால்’ ஆயிற்று. அவர்தம் ‘கெத்தா’ நம் வாயில் கித்தாவாகி, தோட்டமெங்கும் கித்தாக்காடு ஆயிற்று. இவ்வுறவைச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் மலாயை அயல்மொழியென்று அஞ்சுவதில்லை.

2003ஆம் ஆண்டில் கணிதத்தையும் அறிவியலையும் முதலாம் ஆண்டு முதலே ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் வந்தது. நாம் அப்போது வகுப்பாசிரியர். நீர் ஆவியாதலுக்குரிய ஆங்கிலச் சொல்லைப் பிள்ளைகள் பிழையின்றி ஒப்புவித்தனர். கொடியில் காய்ந்த துணியின் ஈரம் எங்கே போயிற்று என்று ஆங்கிலத்தில் வினவியபோது வகுப்பு மௌனமாயிற்று. அதையே தமிழில் வினவியதும், “வெயில் குடித்துவிட்டது ஐயா!” என்றான் ஒரு சிறுவன். அறிவியலாகாது எனினும், பாடத்தைத் தொடங்க அதைவிடச் சிறந்த இடம் ஏது? அத்திட்டத்தை மாற்றுவதென அரசு 2009இல் அறிவித்தது. 2016இல் தொடங்கிய இருமொழிப் பாடத்திட்டமோ, பெற்றோரின் இசைவு முதலிய நிபந்தனைகளோடு பள்ளிகள் விரும்பி ஏற்பதாக அமைந்தது. ஆங்கிலம் தேவை என்பதில் நமக்கு ஐயமில்லை. சிந்திக்கத் தொடங்கும் வயதில் பிள்ளையின் வாயை அடைத்துவிட்டு அதனைப் புகட்டுவதையே ஏற்க இயலவில்லை. மலாய்வழிப் பள்ளிக்குச் சென்று சிறந்தோரும் உளர். அதை மறைக்க வேண்டியதில்லை. அவர்களுள் எத்தனை பேர் தம் பாட்டியோடு மனம்விட்டுப் பேசுகின்றனர் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

நியூசிலாந்தின் மவோரி மக்கள் இந்நிலையைக் கண்டவர்கள். பேரப்பிள்ளைகளுக்குத் தம் மொழி தெரியாமற் போவதை உணர்ந்து, 1982இல் ‘மொழிக்கூடு’ என்னும் பொருள்படும் பெயரோடு மழலையர் பள்ளிகளைத் தொடங்கினர். அங்கே முதியோர் குழந்தைகளோடு மவோரி மொழியிலேயே பேசி, பாடி, உணவூட்டி வளர்த்தனர். இதனைப் படித்தபோது நமக்கு ஆயாக் கொட்டகையே நினைவிற்கு வந்தது. விடியுமுன் பெரட்டுக்குச் செல்லும் தாய்மார், துணித்தொட்டிலோடு நம்மை அங்கே விட்டுச் சென்றனர். ஆயா ஏடு எடுத்துக் கற்பிக்கவில்லை, பேசிக்கொண்டே இருந்தார். அத்தமிழை மூலதனமாகக் கொண்டே பின்னர்ப் புகுமுக வகுப்பில் மலாயை ஊன்றிப் பயின்று, ஆசிரியர் கல்லூரி வரை சென்றோம்.

இன்று கொட்டகை இல்லை. ஆதலின் வீட்டாரிடம் நாம் வேண்டுவது சிறிதே. பிள்ளையிடம் அரைகுறை ஆங்கிலம் பேசி வருந்தாதீர்கள். உங்களுக்கு நன்கு வரும் தமிழில் நிறையப் பேசுங்கள். பால்வாளி, உளி, மங்கு என்று உங்கள் தொழிற்சொற்களையும் சொல்லுங்கள். மாலையில் அண்டைவீட்டு மலாய்ப் பிள்ளைகளோடு விளையாட விடுங்கள். மலாயையும் ஆங்கிலத்தையும் முதலாம் ஆண்டு முதல் முறையாகக் கற்பிப்பது எங்கள் பொறுப்பு.

எம் பாலர் வகுப்பில் வெள்ளிக்கிழமை காலைகளில் கதைநேரம் நடைபெறுகிறது. தோட்டத்துப் பாட்டிமார் மூவர் வந்து கதை சொல்கின்றனர். அவர்களுள் ஒருவருக்கு முழங்கால் வலி மிகுந்துவிட்டதால், வரும் ஆண்டிற்கு இன்னும் இருவர் தேவைப்படுகின்றனர். எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. விருப்பமுள்ளோர் அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம்; அழைத்துவரப் பள்ளி வேன் வரும்.