தப்பும் 88 கட்டையும்

எங்கப்பா தப்படித்தவர். இந்த ஒரு வரியை 2024 ஜனவரியில், சென்னையில் ஒரு ஏசி அறையில், முப்பது பேர் முன்னால் என்னால் சொல்ல முடியவில்லை. பொய் சொன்னேன். அதை எழுதிவிட வேண்டும் என்று இவ்வளவு நாளாக நினைத்து இப்போதுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

கீரனூரிலிருந்து உள்ளே போகிற ஊர் எங்களுடையது. ஊர் வேறு, தெரு வேறு, நான் தெருக்காரன். எழவு, மது எடுப்பு, ஜல்லிக்கட்டு எதுவானாலும் ஊரிலிருந்து ஆள் வரும். அப்பாவும் சித்தப்பாவும் தப்பைத் தீயில் காய்ச்சி எடுத்துக்கிட்டுப் போகணும். கூலி என்று பேர் கிடையாது. ஒரு துண்டு, கொஞ்சம் நெல்லு, கட்டிக்கொடுத்த சோறு. அதையும் குனிஞ்சு நின்னு வாங்கணும். 1996இல் இனி எழவுக்கு அடிக்கிறதில்லை என்று தெருவே கூடி முடிவு பண்ணியது. அந்த வருசம் பூரா வயல் வேலைக்கு ஒருத்தரையும் கூப்பிடவில்லை. இளவட்டங்கள் வீடு வீடாகத் தப்புகளை வாங்கிக் கொளுத்தினோம். அப்பா மட்டும் தன்னுடையதைக் கொடுக்கவில்லை. "எழவுக்குப் போகல, சரி. அது என்னடா பண்ணுச்சு?" என்று கேட்டுவிட்டுப் பரண்மேல் தூக்கிப் போட்டார்.

நான் திருச்சியில் மிஷன் ஹாஸ்டலில் படித்தவன். ஜெபத்துக்கு ஹார்மோனியம் வாசித்த உபதேசியார்தான் எனக்குக் கட்டை காட்டிக்கொடுத்தவர். அப்புறம் பதினைந்து வருசம் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு. திருவிழா மேடையில் அம்மன் பாட்டுக்கு நாதஸ்வரச் சத்தம் என் கட்டையிலிருந்துதான் வரும். பாட்டு முடிந்து திருநீறு வாங்க உள்ளே போக முடியாது. மேடை ஓரத்தில் நின்று எட்ட இருந்தே கையில் போட்டுவிட்டுப் போவார்கள். இப்போது புதுக்கோட்டையில் கீழராஜ வீதிப் பக்கம் மாடியில் ஒரு அறை, பத்திருபது பிள்ளைகள். அறையை வாடகைக்குக் கேட்டபோது ஹாஸ்டலில் கற்ற தமிழ் கைகொடுத்தது. அதுக்குமேல் வீட்டுக்காரர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

2019இல் சென்னைச் சிறுவன் லிடியன் நாதஸ்வரம் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ரிம்ஸ்கி கோர்சகோவின் வண்டுப் பறப்பை நிமிசத்துக்கு 208 தட்டு வேகத்தில் வாசித்து, பிறகு அதையே 325இல் வாசித்துப் பத்து லட்சம் டாலர் பரிசு வாங்கினான். 13 வயசு. அந்த வீடியோ எங்கள் மாவட்டத்தில் எல்லாச் செல்போனிலும் ஓடியது. "நம்ம பிள்ளையையும் பியானோவுல விடணும் சார்" என்று வந்தார்கள். நான் வைத்திருந்தது 61 கட்டைக் கீபோர்டு. அது பியானோ இல்லை என்று சொன்னால் யாருக்கும் புரியாது. எனக்கே அப்போது முழுசாகப் புரியவில்லை.

பியானோவுக்கு 88 கட்டை. வெள்ளை 52, கறுப்பு 36. கட்டையை அழுத்தினால் உள்ளே கம்பளித் துணி போர்த்திய ஒரு சுத்தியல் எகிறிக் கம்பியில் அடிக்கும். அடித்த வேகத்துக்குத் தக்கபடி சத்தம். ஆக அதுவும் ஒரு கொட்டுதான். கீபோர்டில் கட்டை பஞ்சு மாதிரி, தொட்டாலே கத்தும். பியானோவில் ஒவ்வொரு கட்டைக்கும் கனம் உண்டு, விரல் அதைத் தூக்கிச் சுமக்கப் பழகணும். நிமிர்த்தி வைக்கிற சாதாரணப் பியானோவே இருநூறு கிலோ, விலை லட்சக்கணக்கில். எங்கள் தெருவில் அதை வைக்கக் கூரை வேண்டாமா?

பழைய பியானோக்களின் வெள்ளைக் கட்டைக்கு யானைத் தந்தம் ஒட்டியிருப்பார்கள். 1989இல் உலக நாடுகள் கூடித் தந்த வியாபாரத்துக்குத் தடை போடுகிறவரை அதுதான் உசத்தி. உள்ளே சுத்தியல் தண்டில் தோல் வைத்து ஒட்டியிருக்கும், மரத்தை ஒட்டியது மாட்டுத்தோல் காய்ச்சிய வச்சிரம். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, பளபளவென்று கறுப்பு. நம்ம பக்கத்திலும் இந்தக் கூத்துதானே. மிருதங்கத்தில் மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும். புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை கொண்டுவந்த கஞ்சிராவில் உடும்புத்தோல். சபாவில் அது வாத்தியம். தோலை உரித்துப் பதம்போட்டு மூட்டியவனை வாசலோடு நிறுத்துவார்கள். டி.எம். கிருஷ்ணா 2020இல் இதைப் பற்றி ஒரு புத்தகமே போட்டார்.

என் தங்கச்சி மகளுக்கு அப்போது 11 வயசு. நல்ல காது. ஆனால் ரெண்டு கையும் தனித்தனியாக ஓடாது. வலது போனால் இடது பின்னாலேயே போகும். எட்டு மாசம் போராடினேன். ஒருநாள் கயிற்றுக்கட்டிலில் படுத்திருந்த அப்பா, "இங்க வாத்தா" என்று கூப்பிட்டு ரெண்டு குச்சியைக் கையில் கொடுத்தார். இடது கையில் நீளமான சிண்டுக்குச்சி, வலது கையில் கட்டையான அடிக்குச்சி. கட்டில் சட்டத்தில் ஒத்தையடி, அப்புறம் சாமியடி. "வலது பேசட்டும், இடது 'ம்' கொட்டட்டும். கதை கேக்குறவன் கதை சொல்றவன் கூடவே ஓடுவானா?" மூணு வாரத்தில் கை பிரிந்தது. நான் படித்த எந்தப் பாடப்புத்தகத்திலும் இது இல்லை.

அவளுக்குக் கொடுத்தது ஜி மேஜர் மினுயட், மூணு மூணு தட்டாகப் போகிற சின்ன உருப்படி. பாக் தன் பெண்சாதிக்காக 1725இல் தொடங்கிய நோட்டுப் புத்தகத்தில் இருந்ததால் வெகுகாலம் பாக்கினுடையது என்றே வாசித்தார்கள். எழுதியவர் கிறிஸ்டியன் பெட்சோல்ட் என்று பிற்பாடுதான் வெளிச்சமானது. பெரிய வீட்டு நோட்டில் இருந்தால் பேரும் பெரிய வீட்டுக்குத்தான் போகும்போல.

சென்னையில் சிறுவர் பியானோ போட்டி, மறுநாள் ஆசிரியர்களுக்குப் பயிற்சிப் பட்டறை என்று அறிவிப்பு வந்தது. முதல் சுற்றுக்கு வீடியோ அனுப்பினால் போதும், கீபோர்டானாலும் சரி. தங்கச்சி வீட்டில் எடுத்தோம். "மாமா, சுவரு தெரியுது" என்றாள். பூசாத சுவர். தங்கச்சி ஒரு சேலையைக் கட்டி மறைத்தாள். அமெரிக்காவில் 1970களிலிருந்து பெரிய இசைக்குழுக்கள் ஆள் எடுக்கும்போது வாசிக்கிறவரைத் திரைக்குப் பின்னால் உட்காரவைக்கிறார்கள். ஆணா பெண்ணா, கறுப்பா வெள்ளையா என்று தெரியக்கூடாதாம். நாங்களும் ஒரு திரை கட்டித்தான் அனுப்பினோம். தேர்வாகிவிட்டாள்.

ராமேஸ்வரம் ரயிலில் ராத்திரி ஏறி விடியலில் எழும்பூர். அரங்கத்தில் மற்ற பிள்ளைகள் முந்தின நாளே வந்து அந்தப் பியானோவில் பழகியிருந்தார்கள். பதிவு செய்த பெண்ணிடம் கேட்டேன். "உங்களுக்கு மெயில் வரலையா சார்?" வரவில்லை. "எந்த ஊர்?" புதுக்கோட்டை என்றேன். "ஓ, அந்தத் தண்ணித் தொட்டி..." என்று நிறுத்திக்கொண்டாள். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் எங்க சனம் குடிக்கிற தொட்டியில் மலம் கலந்தது வந்ததிலிருந்து எங்கள் மாவட்டத்துக்கு அதுதான் அடையாளம். அந்தப் பெண் கெட்ட மனசோடு கேட்கவில்லை. இருந்தும் பிள்ளை என் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அவள் கால் தரையில் எட்டவில்லை. மற்றவர்கள் காலுக்கு முக்காலி கொண்டுவந்திருந்தார்கள். அப்படி ஒன்று வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. முதல் பகுதியில் நாலைந்து சுரம் விழவே இல்லை. கட்டை இறங்குகிறது, சத்தம் வரவில்லை. பிள்ளை ஒருதரம் கையை எடுத்துப் பார்த்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை. ரெண்டாம் பகுதியை மணிக்கட்டை மேலே தூக்கித் தூக்கிப் போட்டாள், தாத்தா அடிக்குச்சி போடுகிற மாதிரி. சுரம் எல்லாம் விழுந்தது. பரிசு இல்லை. மதிப்பெண் தாளில் தாளம் ரொம்ப உறுதி, நாதம் பழகணும் என்று எழுதியிருந்தது. நியாயமான தீர்ப்புதான். நாதத்தைப் பழக அவளுக்குப் பியானோ எங்கே இருந்தது என்று கேட்க அந்தத் தாளில் இடம் கிடையாது.

நீனா சிமோனை அந்த அரங்கத்தில்தான் நினைத்தேன். யூனிஸ் வேமன் என்ற கறுப்புச் சிறுமி. ஊர் நூலகத்தில் அவள் பியானோ வாசிக்க உட்கார்ந்தபோது, முன்வரிசையில் இருந்த அப்பா அம்மாவை வெள்ளைக்காரர்களுக்காகப் பின்னால் போகச் சொன்னார்கள். திரும்ப முன்னால் உட்காரவைத்தால்தான் வாசிப்பேன் என்றாள், உட்காரவைத்தார்கள். 1951இல் பிலடெல்பியா கர்டிஸ் இசைப்பள்ளி அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. நிறம்தான் காரணம் என்று சாகிறவரை சொன்னார். 2003 ஏப்ரலில், கண்மூட ரெண்டொரு நாள் இருக்கும்போது, அதே பள்ளி கௌரவப் பட்டம் கொடுத்தது. அந்தச் சிறுமிக்கு இருந்த தைரியம் மறுநாள் எனக்கு இல்லை.

மறுநாள் பட்டறை. பயிற்சி கொடுத்தவர் நல்ல வித்துவான், குறை சொல்ல மாட்டேன். விரலால் குத்தாதீர்கள், தோளிலிருந்து கையின் கனத்தை அப்படியே விடுங்கள், மணிக்கட்டு தளர்ந்திருக்கணும் என்று செய்து காட்டினார். அப்பா கட்டிலில் சொன்னதுதான். உடம்பெல்லாம் சிலிர்த்தது. எழுந்து சொல்லலாமா என்று இருந்தது.

தேநீருக்குப் பிறகு ஒவ்வொருவரும் தங்கள் இசைப் பின்னணியைச் சொல்லச் சொன்னார்கள். ஒருவருக்குப் பாட்டியே டிரினிட்டி எட்டாம் கிரேடு. ஒருவர் வீட்டில் மூணு தலைமுறையாக வீணை. இன்னொருவர், "பின்னணியெல்லாம் எதுக்கு சார், திறமை இருந்தா போதும், இளையராஜாவைப் பாருங்க" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். பண்ணைப்புரத்திலிருந்து வந்தவர் மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் அரிச்சுவடியிலிருந்து மேற்கத்திய இசை படித்தார். 2025 மார்ச்சில் லண்டனில் சிம்பொனி அரங்கேற்றியது வரைக்கும் ஒரு ஆயுள் உழைப்பு. ஆயிரம் தெருவிலிருந்து ஒருத்தர் தாண்டி வந்தால் மீதித் தெருக்களின் வாயை அடைக்க அவரையே காட்டுகிறார்கள். வியட்நாமின் டாங் தாய் சன் கதையும் இப்படித்தான் சொல்லப்படுகிறது: போர்க்காலத்தில் கிராமத்தில் ஒதுங்கியிருந்து படித்து, 1980இல் வார்சாவில் சோப்பின் போட்டியை வென்ற முதல் ஆசியர். அவருடைய அம்மாவே பியானோ ஆசிரியை என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

என் முறை. "உங்க வீட்ல மியூசிக் உண்டா சார்?"

"அப்பா சர்ச்ல ஹார்மோனியம் வாசிப்பார்" என்றேன்.

அப்பா ஹார்மோனியத்தைத் தொட்டதே கிடையாது. பின்வரிசையில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்த பிள்ளை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

ரயிலில் விருத்தாசலம் வரை பேசவில்லை. அப்புறம் கேட்டாள்: "ஏன் மாமா, தாத்தா தப்படிச்சார்னு சொன்னா பரிசு குடுக்க மாட்டாங்களா?" போட்டிதான் முடிந்துவிட்டதே என்றேன். "பெறகு ஏன்?" என்றாள். தூங்கு என்று சொல்லிவிட்டு நான் தூங்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகத் தாத்தாவிடம் போட்டுக்கொடுத்துவிட்டாள். அப்பாவுக்கு எண்பதை நெருங்கிவிட்டது. கோபப்படுவார் என்று நினைத்தேன். "ஹார்மோனியமா! இந்த விரலுக்கு அது அமையுமாடா?" என்று காய்ப்புக் காய்ச்ச கையை விரித்துப் பார்த்துச் சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்.

"அந்தப் பெரிய பொட்டியில தோலு உண்டா?"

"உண்டுப்பா. உள்ள இருக்கு, தெரியாது."

"அந்தத் தோலைப் பதம்போட்டவன் எந்தத் தெருவுல குடியிருந்தான்?"

தெரியலப்பா என்றேன்.

அடுத்த போட்டிக்குப் படிவம் வந்திருக்கிறது. பழகுவதற்கு நேரம் வேண்டும் என்று இந்தத் தடவை முதலிலேயே எழுதிப் போட்டுவிட்டேன். காலுக்கு முக்காலி ஒன்று ஆசாரியிடம் சொல்லியிருக்கிறது. ஆசிரியரின் இசைப் பின்னணி என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதைப் பிள்ளையே எழுதுகிறேன் என்று படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டாள்.