கிணற்று ஜகடை

வீட்டில் மோட்டார் இருக்கும்போது கிணற்றுக்கு ஜகடை எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் கரையைக் கடந்த பிறகு அவர்கள் மன்னார்குடிப் பக்கம் வந்திருக்க வேண்டும்! மின்கம்பங்கள் சாய்ந்து, நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. குழாய்கள் வாயை மூடிக்கொண்டன. தெருவே எங்கள் கிணற்றடியில் குடத்தோடு நின்றது.

அத்தனை பேருக்கும் இறைத்ததில் பழைய ஜகடையின் அச்சு தேய்ந்துவிட்டது. புதிது வாங்க என் மாமியாரே கடைக்கு வந்தார். விரலால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஆடாமல் ஓசையின்றி ஓடுகிறதா என்று பார்த்தார். கயிறு ஓடும் பள்ளத்தையும் பார்த்தார். அது குறுகலானால் கயிறு நெரியும். மிக அகன்றால் புரளும். சக்கரம் பெரிதானால் கயிறு அதிகம் மடங்காமல் நெடுநாள் உழைக்கும்.

ஜகடை குடத்தின் கனத்தைக் குறைப்பதில்லை. மேலே தூக்குவதைக் கீழே இழுப்பதாக மாற்றுகிறது. நம் உடம்பின் பாரமே நமக்குத் துணையாகிறது. அச்சு துருப்பிடித்தால் அந்தச் சலுகையும் போய், தோள்பட்டைதான் வலிக்கும்.

ஆகவே மாதம் ஒருமுறை அச்சுக்கு இரண்டு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய்; கிணற்றில் சொட்டாதபடி துடைத்துவிட வேண்டும். நார்க்கயிற்றை ஈரத்தோடு சுருட்டினால் இற்றுவிடும், கொடியில் உலர்த்துங்கள். நைலான் இற்றுப்போகாது, ஆனால் வெயிலில் நைந்துபோகும், ஈரக் கையில் வழுக்கும். கொக்கியையும் குறுக்குக் கட்டையையும் அவ்வப்போது அசைத்துப் பாருங்கள்.

மின்சாரம் வந்த பிறகும் வாரம் ஒருநாள் கையால்தான் இறைக்கிறோம்.

"புயல் வருவதை ரேடியோ சொல்லிவிடும். தண்ணீரையும் அதுவா கொண்டுவந்து தரும்?" என்கிறார் மாமியார்.