திரியும் திரையும்

மாலை மயங்கும் வேளையில் அகல்விளக்கை ஏற்றி, திரியைச் சிறிதே தூண்டிவிடுவது எம் இல்லத்து மகளிர் வழக்கம். தூண்டாவிடில் சுடர் மங்கும். மிகத் தூண்டினால் எண்ணெய் விரைந்து தீரும், சுவரில் கரி படியும். அளவறிந்து தூண்டுவதில் எம் அன்னையார் கைதேர்ந்தவர். மடிக்கணினித் திரையின் ஒளியைக் கூட்டச் சொல்லும்போதும் அவர் 'தூண்டு' என்னும் அச்சொல்லையே ஆண்டுவந்தார். அச்சொல்லின் பொருளை யாம் உணரப் பல திங்கள் ஆயின.

யாம் வாழ்வது பெங்களூரில் அல்சூரை அடுத்த மர்பி டவுன். முன்னாளில் நாக்ஸ்பேட்டை என வழங்கிய இவ்விடம், பின்னர் மர்பி என்னும் பொறியாளரின் பெயரைப் பெற்றது. எம் பாட்டனார் வட ஆர்க்காட்டுச் சிற்றூரிலிருந்து பிழைப்பு நாடி வந்து குடியமர்ந்த தெருவிலேயே இன்றும் வாழ்கின்றோம். நடுவண் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர் பணி. இல்லத்தில் இருப்பது ஒரே மடிக்கணினி. மற்ற நாள்களில் அது கல்லூரியில் பயிலும் எம் மகளுக்குரியது. ஞாயிறு மாலையில் அன்னையாருக்குரியது. குவைத்தில் பணிபுரியும் எம் தம்பி, பிறந்து எட்டுத் திங்களே ஆன தன் மகளை அன்றுதான் திரையில் காட்டுவான். அப்பேத்தியை அன்னையார் நேரில் கண்டதில்லை.

"படம் இருண்டு கிடக்கிறது, கண்ணு. கொஞ்சம் தூண்டு" என்பார் அன்னையார். ஞாயிற்றின் உருப் பொறித்த பொத்தானை அழுத்தி ஒளிர்வைக் கூட்டுவோம். அடுத்த வாரமும் அதே சொல். இறுதியில் அளவு நூற்றுக்கு நூறாயிற்று. இரவில் பாடம் படிக்கும் மகளோ, "அப்பா, கண் எரிகிறது. ஆயாவுக்காக ஏற்றியதை இறக்கி வையுங்கள்" என்பாள். ஒரு கருவிக்கு இரண்டு மனு. யாம் இரண்டையும் நிலுவையில் வைத்த எழுத்தரானோம்.

ஒரு ஞாயிறன்று குழந்தையின் முகம் மஞ்சள் பூத்துத் தோன்றியது. "ஐயோ, பிள்ளைக்குக் காமாலையா?" என்று அன்னையார் பதறினார். எமக்கும் நெஞ்சு படபடத்தது. குழந்தை நலமே என்று தம்பி சொல்லியும் அவர் மனம் ஆறவில்லை. மகள் வந்து பார்த்துச் சிரித்தாள். கண் எரிச்சலுக்கு அஞ்சி 'நைட் லைட்' என்னும் அமைப்பை அவளே இயக்கி வைத்திருந்தாள். பொழுது சாய்ந்ததும் அது திரையின் நீலத்தைக் குறைத்து மஞ்சளைத் தூக்கிக் காட்டும். அதனை நிறுத்தியதும் குழந்தையின் காமாலை நொடியில் தீர்ந்தது!

அதன்பின்னரே யாம் இத்துறையைச் சிறிது கற்றோம். இத்தகைய திரைகளின் பின்னே இருப்பவை பெரும்பாலும் நீல ஒளியுமிழ் டையோடுகள். அவற்றின்மேல் பூசிய மஞ்சட் பொருள் நீலத்தோடு கலந்து வெண்மையைத் தருகின்றது. அந்நீல ஒளியைத் திறம்பட ஆக்கியமைக்காகவே அகசாகி, அமானோ, நகாமுரா என்னும் மூவர்க்கு 2014இல் நோபல் பரிசு கிட்டியது. ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்னும் வெப்ப அளவால் குறிப்பர். கொல்லன் உலையில் இரும்பு முதலில் சிவந்து, பின் மஞ்சளாகி, மேலும் காய்ந்தால் வெளுப்பதை நினைக. பழைய இழைவிளக்கின் மஞ்சள் ஒளி ஏறத்தாழ 2700. பகலொளிக்குத் திரைகள் கொள்ளும் அளவு 6500. ஆக, யாம் குளிர்ச்சி என்று கூறும் நீலமே வெப்பம் மிக்க நிறம்.

ஒளிர்வுக்கும் ஓர் எளிய சோதனை உண்டு. திரையில் வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து, அருகில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துப் பாருங்கள். திரை விளக்குப்போல் எரிந்தால் ஒளி மிகுதி. சாம்பல் பூத்தால் குறைவு. அறையின் ஒளிக்கு இசைவதே திரைக்கு அழகு. எம் முன்னறையில் இரவில் நூற்றுக்கு நாற்பதே போதுமாயிருந்தது. ஆயினும் அன்னையார்க்கு நூறும் போதவில்லை. கருவி பழுதென்றே முடிவு கட்டினோம்; புதிது வாங்கப் பணமும் சேர்க்கலானோம்.

அந்நாள்களில் ஒரு மாலை, அன்னையாரை அல்சூர் ஏரிப்பக்கம் அழைத்துச் சென்றோம். அங்குள்ள வள்ளுவர் சிலையைப் பெங்களூர்த் தமிழர் மறவார். 1991இல் நிறுவப்பட்டும் திறவாது மூடிக் கிடந்து, 2009 ஆகஸ்டு 9 அன்று திறக்கப்பெற்ற சிலை அது. அதன்முன் நின்ற அன்னையார், "ஏம்ப்பா, மறுபடியும் மூடிவிட்டார்களா? புகைபோல் ஏதோ தெரிகிறதே" என்றார். வானம் தெளிந்திருந்தது, சிலையும் தெளிவாகவே நின்றது. எமக்கு உடல் குன்றிப் போயிற்று. திரை மங்கியது கணினியில் அன்று; அன்னையின் கண்ணில்.

இரு கண்ணிலும் புரை முற்றியிருப்பதாக மருத்துவர் கூறினார். முதலில் வலக்கண்ணில் அறுவை செய்து செயற்கை வில்லை பொருத்தினர். சில நாள் கழித்து மடிக்கணினியின் முன் அமர்ந்த அன்னையார், ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் மாறி மாறிப் பார்த்தார். "இந்தக் கண்ணுக்கு மல்லிகை, அந்தக் கண்ணுக்குப் பழைய வேட்டி" என்றார். முதுமையில் கண்ணின் வில்லை பழுத்து மஞ்சளாகி நீலத்தைத் தடுக்கும் என்று மருத்துவர் விளக்கினார். இயற்கையே அன்னையின் கண்ணில் ஒரு 'நைட் லைட்' அமைத்திருந்தது. அதனை நிறுத்தும் பொத்தான் எம் கணினியில் இல்லை.

திருச்சியில் 1888இல் பிறந்து, 1933இல் பெங்களூர் வந்து, 1970இல் இங்கேயே மறைந்த சர் சி. வி. இராமன், தம் முதுமையில் மலர்களின் நிறத்தையும் மனிதக் கண் நிறங்காணும் திறத்தையும் ஆராய்ந்தார். 1968இல் பார்வையைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். ஒளியை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்ற அவ்வறிஞர் இறுதியில் கண்ணை ஆராயத் தலைப்பட்டதன் பொருத்தம் எமக்கு இப்போதுதான் விளங்குகின்றது. பொருளின் மேல் விழும் ஒளி பாதி. காணும் கண் மறுபாதி.

இடக்கண்ணிலும் அறுவை முடிந்த பின் வந்த ஞாயிறன்று, திரையின் ஒளிர்வை நாற்பதில் வைத்திருந்தோம். அன்னையார் தூண்டச் சொல்லவில்லை. நெடுநேரம் பேத்தியைப் பார்த்திருந்தவர், "இவள் மோவாயில் மச்சம் இருக்கிறதே! உங்கள் அப்பாவுக்கும் அதே இடத்தில்தான்" என்றார். எட்டுத் திங்களாக அம்மச்சம் திரையில் இருந்தது. அன்னையார் கண்டது வெறும் ஒளியை மட்டுமே. அதனை யாம் வினவவும் இல்லை.

அயலூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இன்று உறவெல்லாம் திரை வழியே வருகின்றது. உங்கள் இல்லத்து முதியவர் ஒளியைக் கூட்டச் சொன்னால், பொத்தானை அழுத்துங்கள். அதனோடு அவர்தம் கண்ணையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள்.