தோல் நோயும் மன நோவும்



1986ஆம் ஆண்டு பி.பி.சி. தொலைக்காட்சியில் ஆறு பகுதிகளாக வந்த 'தி சிங்கிங் டிடெக்டிவ்' நாடகத்தை மருத்துவர் யாவரும் பார்க்க வேண்டும் என்பேன். எழுதியவர் டெனிஸ் பாட்டர். கதாநாயகன் மார்லோ துப்பறியும் கதைகள் எழுதுபவர். சோரியாசிஸ் நோயினால் தோல் உரிந்து, மூட்டுகள் இறுகி, ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடக்கிறார். பழைய கதையும், சிறுவயது நினைவுகளும், கண்ணெதிரே நடப்பவையும் அவர் மனத்தில் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

வார்டுக்கு வரும் பெரிய டாக்டர்கள் அவரை வைத்துக்கொண்டே, அவர் அங்கு இல்லாதது போலப் பேசுகிறார்கள். தாயை இழந்த பழைய துயரத்தைப் பொறுமையாகப் பேசவைப்பவர் மனநல மருத்துவர் ஒருவரே. இறுதியில் மார்லோ எழுந்து நடக்கிறார். பாட்டருக்கும் இதே நோய் இருந்தது. அதனால்தான் அந்த வேதனை அத்தனை உண்மையாக இருக்கிறது.

என் அனுபவத்திலும், அரிப்பைவிட வெட்கமே இந்நோயாளிகளை அதிகம் வாட்டுகிறது. அதனாலேயே கோயிலுக்கு வராமல் வீட்டோடு இருப்போர் உண்டு. சோரியாசிஸ் தொற்றுநோய் அன்று. இன்று நல்ல மருந்துகளும் உள்ளன. அத்தகைய ஒருவர் பிரசாதம் நீட்டினால் தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். அருகில் அமர்ந்து நாலு வார்த்தை பேசுங்கள்.