அந்தகன்: பார்த்தவன் எந்த பஸ் ஏறுவான்?

(எச்சரிக்கை: கதை முழுக்க வெளியே வரும். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரவும்.)

கண் தெரியாதவன் மாதிரி நடித்துப் பிழைக்கிற பியானோக்காரன் ஒருத்தன். பழைய சினிமா நடிகர் ஒருவர், தன் கல்யாண நாளுக்கு வீட்டில் வந்து வாசிக்கச் சொல்லிக் கூப்பிடுகிறார். போனால், நடிகர் தரையில் பிணமாகக் கிடக்கிறார். அவருடைய மனைவி நிற்கிறார். மனைவியின் கள்ளக்காதலன் ஒளிந்திருக்கிறான். பியானோக்காரன் என்ன செய்ய முடியும்? வாசிக்கிறான். அவர்கள் சத்தமில்லாமல் பிணத்தை அப்புறப்படுத்துகிறார்கள். இவனுக்குத்தான் கண் தெரியாதே!

2024 ஆகஸ்ட் 9-ல் வந்த 'அந்தகன்' இதுதான். தியாகராஜன் இயக்கம். பிரசாந்த், சிம்ரன், சமுத்திரக்கனி, கொலையாகும் நடிகராக கார்த்திக். மூலம் ஸ்ரீராம் ராகவனின் 'அந்தாதுன்' (2018). அதற்கும் விதை 2010-ல் வந்த பிரெஞ்சுக் குறும்படம் ஒன்று. 2021-லேயே தெலுங்கில் 'மேஸ்ட்ரோ', மலையாளத்தில் 'பிரமம்' என்று வந்துவிட்டது. தமிழுக்குத்தான் கடைசி பந்தி.

இந்தியில் கதை நடப்பது புனேயில். தமிழில் புதுச்சேரி. இந்த ஒரு மாற்றம்தான் விழுப்புரம், திண்டிவனம்காரர்களை நிமிர்ந்து உட்கார வைக்கிறது. இரண்டு ஊரிலிருந்தும் புதுச்சேரி சுமார் 40 கிலோமீட்டர். காலையில் காலேஜுக்குப் போய் சாயங்காலம் திரும்புகிற தூரம். புனேயில் நடந்தால் அது படம். புதுச்சேரியில் நடந்தால் பக்கத்து வீட்டுச் சமாச்சாரம்.

படத்தின் உச்சமான காமெடி பிணத்தோடு முடிவதில்லை. பியானோக்காரன் மனசு கேட்காமல் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறான். அங்கே இன்ஸ்பெக்டராக வந்து நிற்பவர், அந்த வீட்டில் ஒளிந்திருந்த அதே ஆள்! சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு வேறு எதையோ உளறித் தப்பிக்க வேண்டியதாகிறது.

பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரித்து முடித்ததும் ஒரு கேள்வி வரும். சரி, அவன் வேறு என்னதான் செய்திருக்க வேண்டும்?

சட்டப்படி ஒரு வழி இருக்கிறது. படம் வெளிவருவதற்குச் சரியாக 39 நாள் முன்பு, 2024 ஜூலை 1-ல், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. அதன் 173-ஆவது பிரிவுப்படி குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். இதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறார்கள். ஆக, பியானோக்காரன் பஸ் ஏறி திண்டிவனத்தில் இறங்கிப் புகார் எழுதிக் கொடுக்கலாம். விழுப்புரத்திலும் கொடுக்கலாம். புதுச்சேரியிலிருந்து வருகிற வண்டியை நிறுத்தினாலும் பாட்டிலைத்தான் தேடுவார்கள், புகாரைத் தேட மாட்டார்கள் :-)

அதற்குப் பிறகு என்ன ஆகும்? திண்டிவனத்தில் பதிவான ஜீரோ எஃப்.ஐ.ஆர்., குற்றம் நடந்த எல்லைக்குட்பட்ட ஸ்டேஷனுக்கு அனுப்பி வைக்கப்படும். அதாவது, சுற்றிச் சுற்றி அதே இன்ஸ்பெக்டர் மேஜைக்கு! ஸ்ரீராம் ராகவனே இதைவிட நல்ல காட்சி எழுதியிருக்க முடியாது.

ஸ்டேஷனில் புகாரை வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. சாட்சிக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம், 2018 இருக்கிறது. ஆசாராம் பாபு வழக்கின் சாட்சிகள் தாக்கப்பட்டு, சிலர் கொல்லப்பட்ட பிறகு தொடரப்பட்ட மகேந்தர் சாவ்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. தீர்ப்பு 2018 டிசம்பர் 5. 'அந்தாதுன்' வெளியானது அக்டோபர் 5. சரியாக இரண்டே மாதம்!

அந்தத் திட்டத்தில் மாவட்ட நீதிபதி தலைமையில் ஒரு குழு முடிவெடுக்கும். தேவைப்பட்டால் சாட்சியை வேறு ஊருக்கு மாற்றலாம், அடையாளத்தையே மாற்றலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் சாட்சிக்கு எவ்வளவு ஆபத்து என்று அறிக்கை எழுதுவது அந்தப் பகுதியின் டி.எஸ்.பி. மறுபடியும் அதே காக்கி வட்டம். எல்லாப் போலீஸ்காரரும் அப்படி இல்லை, நிஜம்தான். பயந்து நிற்கிறவனுக்கு அது எப்படித் தெரியும்?

பியானோக்காரனுக்கு இன்னொரு சிக்கல். சாட்சிக் கூண்டில் ஏறி "கண்ணால் பார்த்தேன்" என்று சொன்ன அந்த நிமிஷமே அவன் மோசடிக்காரன் ஆகிவிடுவான். இத்தனை நாள் பார்வையற்றவன் என்று வாங்கிய பரிவு, வருமானம், வீடு எல்லாம் போச்சு. உண்மையைச் சொன்னால் நஷ்டம், சொல்லாவிட்டால் லாபம் என்று கணக்கு முடிகிறது. அவன் கோழையாக இருப்பதற்கு இன்ஸ்பெக்டர் பாதிக் காரணம், அவனுடைய பொய் மீதிக் காரணம்.

இந்தப் படத்தில் கணக்குப் பார்க்காத ஆள் ஒருவர் உண்டு. எதிர் வீட்டு வயசான அம்மா. பார்த்ததைப் பார்த்தபடியே போலீசிடம் சொல்கிறார். அவரை மாடியிலிருந்து தள்ளிவிடுகிறார்கள். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த படம் அங்கே சட்டென்று முகம் மாறுகிறது. நடிகருக்காக வராத துக்கம் அந்த அம்மாவுக்காக வருகிறது.

'பாபநாசம்' (2015) படத்தில் பிணமே போலீஸ் ஸ்டேஷனுக்கு அடியில்தான் புதைந்திருக்கும். 'அந்தகன்' படத்தில் கொலைகாரரே ஸ்டேஷனுக்குள் உட்கார்ந்திருக்கிறார். சின்ன ஊர்க் கொலைக் கதை எங்கே சுற்றினாலும் அங்கேதான் வந்து முடிகிறது. பெரிய நகரத்தில் சாட்சி கூட்டத்தில் கரைந்துவிடலாம். விழுப்புரத்தில் முடியாது. ஸ்டேஷன் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் டீக்கடைக்காரருக்குத் தெரிந்துவிடும், வீட்டுக்கு வருவதற்குள் சித்தப்பா போன் பண்ணிவிடுவார். "உனக்கு எதுக்குடா இந்த வேண்டாத வேலை?"

'அந்தகன்' என்றால் குருடன். தலைப்பு பியானோக்காரனுக்கு வைத்தது என்று படம் முழுக்கத் தோன்றும். அந்த அம்மா விழுந்த சத்தம் அந்தக் கட்டடத்தில் எத்தனை வீட்டுக்குக் கேட்டிருக்கும், ஏன் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை என்று யோசித்தால், தலைப்பு ஒருமையில் இருப்பதுதான் தப்பு.